வற்றிப்போன உடம்புக்கு எம்பாமிங்: ஈரம் நிக்க என்ன சேர்க்கிறீங்க?

எம்பாமிங் வேலையில், அதாவது இறந்தவங்க உடம்பைக் கெடாம பதப்படுத்துற வேலையில் பழகின அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் வழி சொல்லுங்க.

ஒல்லியா, உடம்பு வற்றிப்போன வயசானவங்கன்னா எனக்கு எப்பவும் இதே தலைவலிதான். ஃபார்மலின் புரதத்தை இறுக்கிக் கெட்டிப்படுத்துது, சரி. கூடவே ஈரமும் போயிடுது. மறுநாள் பார்த்தா உதட்டோரம் பழுப்பேறிச் சுருங்கியிருக்கு, இமைகள் லேசா விலகி நிக்குது, விரல் நுனி சூம்பிக் கிடக்குது. சொந்தக்காரங்க முதல்ல பார்க்கிறதே முகத்தைத்தானே!

இப்போதைக்குத் தமனி வழியா ஏத்துற கரைசல்ல கிளிசரின் சேர்க்கிறேன். சார்பிட்டாலுக்கு மாறலாமான்னு யோசனை. அது கிளிசரினைவிட மெதுவாத்தான் ஈரத்தை விடும். புரோபிலீன் கிளைக்கால், லானோலின் கலந்த சரக்கும் இருக்கு. எதுவா இருந்தாலும் கெட்டியா ஏத்தினா சவ்வூடுபரவல்ல திசுவில் இருக்கிற தண்ணியையே வெளியே இழுத்துடும். நீர்கோத்து வீங்கின உடம்புக்கு அது வசதி, வற்றின உடம்புக்கு வினை.

முதல்லயே கலந்து ஏத்துறீங்களா, கடைசி சுற்றில் மட்டுமா? உதடு, இமைக்கு மேல்பூச்சு கிரீம் மட்டும் போதுமா? பல நாள் பயணம் போற உடலுக்கு என்ன விகிதம்? பாட்டில்ல அச்சடிச்ச அளவு வேண்டாம், உங்க கைக்கணக்கைச் சொல்லுங்க.