பெரிய வீடு குழு: தாத்தா பெட்டியில் கிடந்த தோட்டா

ஞாயிறு

கார்த்தி, காலை 9:12
(படம்)
தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியை ஒருவழியாகத் திறந்தாச்சு. அடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே காக்கிச் சட்டைப் பித்தளைப் பொத்தான்கள், ஓட்டைக் காலணா நாலைந்து, கூடவே இது. நிஜத் தோட்டாவா?

சுரேஷ் அண்ணன், 9:14
துபாயிலிருந்து பார்க்கும்போதே நிஜம் என்று தெரிகிறது. முதலில் கையை எடுடா.

செல்வி அத்தை, 9:15
அட, இது இன்னுமா இருக்கு! அம்மா அப்போதே கிணற்றில் போடச் சொன்னாள். பச்சை பிடித்துப்போய்விட்டதே. கொஞ்சம் புளி வைத்துத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும்.

குன்னூர் மாமா, 9:16
யாரும் எதையும் தேய்க்க வேண்டாம். கார்த்தி, ஒரு துணியை விரித்து அதன்மேல் வை. வெயில், அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. பிள்ளைகளை உள்ளே விடாதே.

பெரியப்பா, 9:20
அது பர்மாவிலிருந்து அப்பா கொண்டுவந்தது. 1944. ஜப்பான்காரனைச் சுட்டு மிஞ்சிய கடைசிக் குண்டு. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் உங்களுக்கெல்லாம்.

அப்பு, 9:21
செம. மேக்னமா சித்தப்பா? என் கேம்ல இதே மாதிரி ஒண்ணு இருக்கு.

குன்னூர் மாமா, 9:23
மேக்னம் இல்லை அப்பு. அதற்கு உடம்பு இன்னும் நீளமாக இருக்கும். கார்த்தி, அடிப்பக்கத்தை நேராகப் படம் எடுத்து அனுப்பு. விளிம்பைச் சுற்றி எழுத்து இருக்க வேண்டும்.

கார்த்தி, 9:31
(படம்)
இருக்கிறது மாமா. கே, எஃப். அப்புறம் .380. ரோமன் இரண்டு. அதை ஒட்டிப் பச்சைக் களிம்பு மூடியிருக்கிறது, எழுத்து ஏதும் இருக்கிறதா என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கம் 54. நடுவில் சின்னச் செப்பு வட்டம், அதில் லேசாக ஒரு குழி.

குன்னூர் மாமா, 9:34
குழியா? பெரிதாக்கிப் பார்க்கிறேன். ம்ம். ஆமாம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கே எஃப் என்றால் கிர்க்கி ஃபேக்டரி. புனே பக்கம், இப்போது கட்கி. 1869இல் தொடங்கியது. .380 ரிவால்வர் தோட்டா, மார்க் 2. எண், குண்டின் தடிமன் அளவு, அங்குலத்தில். மார்க் 2 என்றால் இரண்டாவது வடிவம். நான் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் சர்வீஸில் இருந்தபோது பழைய ஆட்கள் இதைப் பற்றி நிறையப் பேசுவார்கள்.

பெரியப்பா, 9:36
ஆக பிரிட்டிஷ் ராணுவத் தோட்டா. அதைத்தானே நானும் சொன்னேன் மாப்பிள்ளை.

குன்னூர் மாமா, 9:41
பிரிட்டிஷ் ராணுவத் தோட்டாதான் மச்சான். ஆனால் பிறந்தது அமெரிக்காவில். ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி 1870களில், கோட்டுப் பையில் வைத்துக்கொள்கிற குட்டி ரிவால்வருக்காகச் செய்தது. கரிமருந்து, சின்ன ஈயக் குண்டு. கடைக்காரர், பயணம் போகிறவர் வாங்கி வைத்துக்கொள்வது. போருக்காக யாரும் இதைச் செய்யவில்லை.

பிற்பாடு பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்தது வெப்லி கம்பெனியின் .455 ரிவால்வர். அதன் குண்டு மட்டும் 17 கிராம். முதல் உலகப் போரில் வந்த வெப்லி மார்க் 6 ரிவால்வர் ஒரு கிலோவுக்கு மேல். சுட்டால் கையை உதறிவிடும்.

அப்பு, 9:42
பெருசுதானே நல்லது தாத்தா? ஒரே ஷாட்ல முடிஞ்சிடும்.

குன்னூர் மாமா, 9:47
பட்டால்தானே? நாளெல்லாம் பழகிய பழைய சிப்பாய்க்கு அது சரி. போர் வந்து, நேற்றுவரை கணக்கு எழுதிக்கொண்டிருந்தவனைப் பிடித்து நாலு நாள் பயிற்சி கொடுத்து அனுப்பினால், அவன் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறான். அதனால் போர் முடிந்த கையோடு, சின்னதாக, லேசாக, சீக்கிரம் கற்றுக்கொடுக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வெப்லி கம்பெனியிடம் போலீஸுக்காகச் செய்த .38 ரிவால்வர் ஏற்கெனவே இருந்தது. அமெரிக்கத் தோட்டாவின் கூட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, அதில் 13 கிராம் ஈயக் குண்டைத் திணித்தார்கள். 200 கிரெயின் என்பார்கள்.

கனமான குண்டு, மெதுவான ஓட்டம். நொடிக்குச் சுமார் 190 மீட்டர். ஒலியின் வேகத்தில் பாதியைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பட்ட இடத்தில் நிலைகுலைந்து புரளும், அதனால் பழைய .455க்குச் சளைத்ததில்லை என்று சோதனை செய்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். எடை குறைய வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற காரணத்தை அப்புறம் தேடிய மாதிரி இருக்கும்.

செல்வி அத்தை, 9:48
இவர் இங்கே இட்லியைத் தொடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறார். யாராவது நிறுத்தச் சொல்லுங்கள்.

சுரேஷ் அண்ணன், 9:49
நிறுத்தாதீர்கள் மாமா. இங்கே எனக்கு லீவுதான்.

திவ்யா, 9:55
இப்போதுதான் எல்லாம் படித்தேன். அப்பா, வெறும் ஈயக் குண்டை ராணுவம் எப்படி வைத்திருந்தது? 1899 ஹேக் பிரகடனத்தில், உடம்புக்குள் போய் விரிகிற குண்டு கூடாது என்று இருக்கிறதே?

குன்னூர் மாமா, 10:04
சரியான இடத்தில் கை வைத்தாய். அந்தப் பிரகடனத்துக்கே நம் நாட்டுச் சம்பந்தம் உண்டு. கல்கத்தா பக்கம் டம்டம் தொழிற்சாலையில் 1890களின் கடைசியில் பெர்ட்டி கிளே என்ற கேப்டன், .303 ரைஃபிள் குண்டின் உறையை மூக்கில் மட்டும் திறந்துவிட்டார். பட்டால் மூக்கு மலர்ந்து பெரிய காயம். எல்லைப்புறச் சண்டைகளுக்கென்று செய்தது. "டம்டம் குண்டு" என்ற பெயர் உலகமெல்லாம் பரவியது அங்கிருந்துதான். ஐரோப்பாவில் கூச்சல் எழுந்து, ஹேக் நகரில் தடை வந்தது. ரிவால்வரிலும் இதே கூத்து நடந்தது. 1898இல் .455க்கு மார்க் 3 என்று ஒன்று, மூக்கில் கிண்ணம் மாதிரிக் குழி. ராணுவத்தில் அது நிலைக்கவில்லை.

.380 வந்தபோது வெறும் ஈயம்தான், அதுதான் மார்க் 1. இரண்டாம் உலகப் போர் நெருங்க நெருங்க, இதுவும் விரிகிற குண்டு என்று எதிரி குற்றம் சொன்னால், பிடிபட்ட ஆளின் பையில் இது இருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யோசனை வந்தது. ஈயத்துக்கு மேல் முழுக்க உலோக உறை போட்டார்கள். எடையையும் 178 கிரெயினாக, சுமார் பதினொன்றரை கிராமாகக் குறைத்தார்கள். கார்த்தி துணியில் வைத்திருப்பது அந்த மார்க் 2. படத்தில் மூக்கைப் பார், ஈயத்தின் சாம்பல் நிறம் எங்கேயும் தெரியாது.

திவ்யா, 10:06
கனமான குண்டு புரளும் என்பதற்காகத்தானே இதையே எடுத்தார்கள்? கடைசியில் அந்தக் கனத்தையும் குறைத்துவிட்டார்களா?

குன்னூர் மாமா, 10:07
குறைத்துவிட்டார்கள். எடை மாறியதும் குண்டு போய் விழுகிற இடமும் மாறியது. ரிவால்வரின் முன் குறியைத் திருத்த வேண்டிவந்தது.

பெரியப்பா, 10:09
இதெல்லாம் இருக்கட்டும். அப்பா வைத்திருந்தது எந்த ரிவால்வர்? வெப்லிதானே? "வெப்லி ஸ்காட்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

குன்னூர் மாமா, 10:17
வெப்லியாகவும் இருக்கலாம், என்ஃபீல்டாகவும் இருக்கலாம் மச்சான். இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி. அதில் ஒரு வழக்கே உண்டு. வெப்லி கம்பெனிதான் மாதிரியைக் கொடுத்தது. அரசாங்கம் அதை வாங்கிக்கொண்டு, கேப்டன் பாய்ஸ் என்பவர் கையால் கொஞ்சம் மாற்றி, "எங்கள் என்ஃபீல்ட் தொழிற்சாலையிலேயே செய்துகொள்கிறோம்" என்று 1930களின் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டது. வெப்லிக்கு ஆர்டர் இல்லை. ஆராய்ச்சிச் செலவுக்கு 2,250 பவுண்ட் கேட்டார்கள். கடைசியில் கண்டுபிடிப்பாளர்களுக்கு வெகுமதி தரும் அரச ஆணையம் 1,250 கொடுத்தது. போர் வந்ததும் என்ஃபீல்டால் சமாளிக்க முடியவில்லை. அதே அரசாங்கம் வெப்லியிடம் போய் அவர்களுடைய மார்க் 4 ரிவால்வரையே வாங்கியது!

சுரேஷ் அண்ணன், 10:18
டெண்டர் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

குன்னூர் மாமா, 10:22
அதுவும் போதாமல் அமெரிக்காவிலிருந்து ஸ்மித் அண்ட் வெஸன் 5 லட்சத்துக்கும் மேல் வந்தது. அமெரிக்கத் தோட்டா, பிரிட்டிஷ் குண்டோடு மறுபடி அமெரிக்கத் துப்பாக்கிக்குள் போனது. டாங்கிப் படைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: ஏறி இறங்கும்போது, ரிவால்வரின் பின்னால் தோட்டாவைத் தட்டுகிற சுத்தியலின் கொக்கி எதிலாவது மாட்டும். அந்தக் கொக்கியையே வெட்டிவிட்டார்கள். அப்புறம் விசையை முழுக்க இழுத்துத்தான் சுட முடியும், விரல் வலிக்கும்.

பெரியப்பா, 10:24
பர்மாவுக்கு வாருங்கள்.

செல்வி அத்தை, 10:25
முதலில் இட்லிக்கு வரட்டும்.

குன்னூர் மாமா, 10:58
சாப்பிட்டாச்சு.
மச்சான், தப்பாக நினைக்காதீர்கள். அந்த 54 செய்த வருடம். 1954.

பெரியப்பா, 10:59
அது வேறு ஏதாவது நம்பராக இருக்கும்.

குன்னூர் மாமா, 11:02
வருடத்தின் கடைசி இரண்டு எண்ணைத்தான் அந்த இடத்தில் அடிப்பார்கள். இன்னொன்று, உங்கள் அப்பா பர்மாவில் இருந்தது ராணுவத்துக்குச் சாமான் கொண்டுபோகிற சப்ளை கோர், லாரி டிரைவர். ரிவால்வர் அதிகாரிகளுக்கும், டாங்கி ஆட்கள், ராணுவப் போலீஸ் மாதிரி சிலருக்கும்தான். டிரைவருக்குக் கொடுத்தால் ரைஃபிள்.

(பெரியப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

செல்வி அத்தை, 11:10
அண்ணா, அப்பா பர்மாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் லாரிக் கதைதான். தமு சாலையில் மழை, சேறு, மட்கார்டில் அட்டை ஏறியது. யாரையும் சுட்டேன் என்று அவர் வாயால் நான் கேட்டதில்லை. சுட்டதாகச் சொன்னது நம் சின்னத் தாத்தா. அவர் தாலுகாவைத் தாண்டினதில்லை.

சுரேஷ் அண்ணன், 11:11
😂😂

கார்த்தி, 11:13
அப்படியானால் இது தாத்தா பிற்பாடு போலீஸில் இருந்தபோது வந்ததா?

செல்வி அத்தை, 11:16
அப்படித்தான் இருக்கும். எஸ்.ஐ. ஆன பிறகு வருடா வருடம் சுடும் பயிற்சிக்கு ரேஞ்சுக்குப் போவார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்தும் எடுக்க மறந்து, அம்மா கூப்பிடுவது கேட்காமல் உட்கார்ந்திருப்பார். சண்டை வரும்.

குன்னூர் மாமா, 11:24
இப்போது அந்தக் குழிக்கு வருகிறேன். நடுவில் இருக்கிற செப்பு வட்டம்தான் கேப். சுத்தியல் அதைக் குத்தினால் உள்ளே பொறி பறந்து மருந்து பற்றும். நல்ல குத்து ஆழமாக இருக்கும். இது மேலோட்டமாகத் தொட்டிருக்கிறது. அதாவது சுடப் பார்த்திருக்கிறார், வெடிக்கவில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கேப் ஈரம் பட்டிருக்கலாம். மிஸ்ஃபயர். அதனால் செத்த தோட்டா என்று நினைக்காதே கார்த்தி. உள்ளே மருந்து அப்படியே இருக்கிறது, கேப் ஏற்கெனவே ஒரு குத்து வாங்கியிருக்கிறது. அதனால்தான் புளி என்றதும் பதறினேன்.

பெரியப்பா, 11:27
போலீஸில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. சுட்டால் வெறும் கூட்டைத் திருப்பித் தர வேண்டும். வெடிக்காததையும் தர வேண்டும். அப்பா ஒரு பைசா கணக்கில் பிசகமாட்டார்.

சுரேஷ் அண்ணன், 11:28
அப்போது இது எப்படி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் வந்தது?

பெரியப்பா, 11:28
எனக்கென்ன தெரியும்.

அப்பு, 11:30
குன்னூர் தாத்தா, உள்ள இருக்கிற மருந்து என்ன? கரிமருந்தா?

குன்னூர் மாமா, 11:38
இல்லை, இது புகை அதிகம் வராத வகை. அந்தப் பச்சைக் களிம்புக்கு அடியில் இசட் என்ற எழுத்து இருந்தால் நைட்ரோசெல்லுலோஸ். இல்லாவிட்டால் கார்டைட். பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து எடுத்த வெடிபஞ்சு, நைட்ரோகிளிசரின், கொஞ்சம் வாசலின், மூன்றையும் அசிட்டோனில் பிசைந்து இடியாப்பம் மாதிரிப் பிழிவார்கள். ரைஃபிளுக்கு நீள இழை, ரிவால்வருக்குப் பொடியாக நறுக்கியது. கிர்க்கிக்குக் கார்டைட் போனது எங்கள் அருவங்காட்டிலிருந்து. கார்டைட் என்றால் நீலகிரி மருந்து என்று தைரியமாகச் சொல்வேன். ஆனால் அதைப் பார்ப்பதற்காக யாரும் களிம்பைச் சுரண்ட வேண்டாம்!

சுரேஷ் அண்ணன், 11:40
அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது நான் எடுத்துக்கொள்கிறேன். இங்கே மருந்தை எடுத்துவிட்டு கீ செயின் செய்து தருவார்கள்.

திவ்யா, 11:41
அண்ணா, வேண்டவே வேண்டாம்!!! பையில் ஒரே ஒரு தோட்டா இருந்ததற்காக ஏர்போர்ட்டில் பிடிபட்டவர்கள் எத்தனையோ பேர். தெரியாமல் பையில் கிடந்தது என்று ஹைகோர்ட் வரை போய் வழக்கை ரத்து செய்தவர்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் "தெரியாது" என்றும் சொல்ல முடியாது. இந்தக் குழுவிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

சுரேஷ் அண்ணன், 11:42
நீக்கிவிடட்டுமா?

திவ்யா, 11:49
😐
ஆயுதச் சட்டம் 1959, 3ஆம் பிரிவு: லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி மட்டுமில்லை, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. இன்னொரு சுவாரசியம், 1962 ஆயுத விதிகளின் அட்டவணையில் .380, .455 விளிம்புள்ள தோட்டாக்களைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் என்று பெயர் சொல்லியே தடைப் பட்டியலில் போட்டிருந்தார்கள். அப்பா சொன்ன இரண்டு தோட்டாவும் அதில் இருந்தது.

குன்னூர் மாமா, 11:53
அதனால்தான் நம் ஊரில் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் எடுக்கிறவர்களில் பலர் .32 வாங்குகிறார்கள். கான்பூரில் அரசாங்கம் செய்கிற .32 ரிவால்வரைப் பார்த்தால் பழைய வெப்லி மார்க் 4தான் ஞாபகம் வரும். தோட்டா மட்டும் வேறு. தடை எதற்கு என்றால், போலீஸ் கையில் இருக்கிற அதே தோட்டா பொதுமக்கள் கையிலும் இருந்தால் திருட்டு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாதல்லவா.

கார்த்தி, 12:05
நான் ஸ்டேஷனுக்கே எடுத்துப்போய்க் கொடுத்துவிடட்டுமா? பைக்கில் பத்து நிமிஷம்.

திவ்யா, 12:06
நீ எடுத்துப்போகாதே அத்தான். முதலில் போன் பண்ணு. எங்கே, எப்படிக் கிடைத்தது என்று சொல். அவர்கள் சொல்கிறபடி செய்.

குன்னூர் மாமா, 12:06
பைக்கில் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக்கொண்டு போவான். தெரியும் இவனை.

கார்த்தி, 12:31
போன் பண்ணியாச்சு. சாயங்காலம் ஆள் வந்து வாங்கிக்கொள்வார்களாம். ஒரு மனு எழுதித் தயாராக வைக்கச் சொன்னார்கள். அதுவரை அந்த அறையைப் பூட்டிவிட்டேன்.

செல்வி அத்தை, 12:33
வருகிறவருக்கு ஒரு காபியாவது போட்டுக் கொடு. அப்பா வேலை பார்த்த டிபார்ட்மென்ட்.

திவ்யா, 12:40
மனு அனுப்பியிருக்கிறேன், பார். கிடைத்த தேதி, இடம், அடியில் இருக்கிற எழுத்துகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். இரண்டு பிரதி எடு. ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் விடாதே.

பெரியப்பா, 12:44
அதில் அப்பா பெயருக்குக் கீழே "முன்னாள் ராணுவ வீரர்" என்று மட்டும் இருக்கிறது. "ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர்" என்றும் சேர்.

கார்த்தி, 12:45
சேர்த்தாச்சு பெரியப்பா.

திவ்யா, 12:46
எண்ணிக்கையை எண்ணிலும் எழுத்திலும் போடு அத்தான். 1 (ஒன்று).