மலேசிய மக்களவைக் கட்சிப் பட்டியல்: கூட்டுத்தொகை 220, 221, 222 என மாறுவது ஏன்?

செந்தூல் வாசகி (கோலாலம்பூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த பொதுத் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கவிருக்கும் பிள்ளைகளுக்காக, மக்களவையில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடங்கள் என்பதைக் காட்டும் சுவர்ப் படம் ஒன்றை எங்கள் வட்டாரத்து வாசகர் குழு தயாரித்து வருகிறது. 2021 டிசம்பரில் வாக்களிக்கும் வயது 18 ஆகவும் பதிவு தானாக நடப்பதாகவும் ஆன பிறகு, பிள்ளைகளின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. ஆனால், தாங்கள் போடும் வாக்கு எந்த அவைக்குப் போகிறது, அங்கே யார் யாரோடு அமர்கிறார்கள் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் குறைவாக இருப்பது எங்களுக்குப் பெரும் கவலையாக உள்ளது.

மறைந்த என் தந்தையார் 2004 முதல் ஒவ்வொரு பொதுத் தேர்தல் முடிவையும் நாளிதழிலிருந்து கத்தரித்துப் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றில் ஒட்டி வைத்திருந்தார். அதைக் கொண்டுதான் படம் வரைகிறோம். 2022 நவம்பருக்கான பக்கத்தில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. முதல் துண்டைக் கூட்டினால் 220, அடுத்ததில் 221, கடைசியில் 222 வருகிறது. முதல் துண்டின் அடியில் அப்பா பென்சிலால் ‘220?’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறார். பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு ஓரிடத்தில் 81 என்றும் மற்றோரிடத்தில் 82 என்றும் உள்ளது. எதைச் சரியென்று கொள்வது? கட்சி வாரியாக எழுதுவதா, கூட்டணி வாரியாக எழுதுவதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பட்டர்வொர்த் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

சகோதரி, உங்கள் தந்தையார் தவறாகக் கூட்டவில்லை. மூன்று துண்டுகளும் அச்சான நாளில் சரியாகத்தான் இருந்தன. 2022 நவம்பர் 19 அன்று வாக்களிப்பு நடந்தபோது 222 தொகுதிகளில் இரண்டுக்கு முடிவு வரவில்லை. சரவாக்கின் பாராம் தொகுதியில் மோசமான வானிலையால் சில வாக்களிப்பு மையங்களில் வாக்களிப்பு 21ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. அந்த இடம் சரவாக் கட்சிகளின் கூட்டணியான ஜிபிஎஸ்ஸுக்குச் சேர்ந்ததும் 220 என்பது 221 ஆனது.

மற்றொன்று கெடாவின் பாடாங் செராய். அத்தொகுதியின் அப்போதைய உறுப்பினரும் பக்காத்தான் ஹராப்பான் வேட்பாளருமான மு. கருப்பையா, வாக்களிப்புக்கு மூன்று நாள் இருக்கையில், நவம்பர் 16 அன்று காலமானார். ஆகவே அங்கே வாக்களிப்பு டிசம்பர் 7க்கு ஒத்திவைக்கப்பட்டு, அதில் மற்றொரு கூட்டணியான பெரிக்காத்தான் நேஷனல் வென்றது. எங்கள் பக்கத்திலிருந்து அந்த ஊர் அரை மணி நேரத் தொலைவுதான். மற்ற இடங்களில் எல்லாம் கொடிகளை இறக்கிவிட்ட பிறகு, அங்கே மட்டும் மழையில் ஏணி வைத்துப் புதிய கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்த இளைஞர்களை நான் என் கண்ணால் பார்த்தேன். புதிய பிரதமர் நவம்பர் 24 அன்றே பதவியேற்றுவிட்டார் என்பதையும், அந்த வாக்காளர்கள் அதன் பிறகே வாக்களித்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எனவே இறுதிக் கணக்கு இதுதான்: பக்காத்தான் ஹராப்பான் 82, பெரிக்காத்தான் நேஷனல் 74, தேசிய முன்னணிக் கூட்டணி 30, ஜிபிஎஸ் 23, சபாவின் ஜிஆர்எஸ் கூட்டணி 6, சபாவின் வாரிசான் கட்சி 3, மற்ற நால்வரில் இருவர் சிறிய கட்சிகளைச் சேர்ந்தவர்கள், இருவர் சுயேச்சைகள். 81க்கும் 82க்கும் உள்ள வேறுபாடு மூவார் தொகுதியைப் பற்றியது. அங்கே வென்ற மூடா கட்சி ஹராப்பானோடு உடன்பாடு செய்துகொண்டு போட்டியிட்டதே தவிர, அதன் உறுப்புக் கட்சி அன்று. ஹராப்பானின் உறுப்புக் கட்சிகளை மட்டும் கூட்டினால் ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) 40, பிகேஆர் (மக்கள் நீதிக் கட்சி) 31, அமானா 8, உப்கோ 2 என்று 81 வரும்.

கட்சியா கூட்டணியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் எழுதத்தான் வேண்டும். ஏனெனில் வாக்காளர் வாக்குச்சீட்டில் காண்பது பெரும்பாலும் கூட்டணியின் சின்னத்தைத்தான். எங்கள் பினாங்கில் ஜெலுத்தோங் தொகுதி 2008 முதல் ஜசெகவிடம் இருக்கிறது. 2013இல் அதன் வாக்காளர்கள் ஜசெகவின் ராக்கெட் சின்னத்துக்கு நேரே குறியிட்டார்கள். 2018இல் அதே கட்சியின் வேட்பாளருக்குப் பிகேஆர் சின்னத்தில் குறியிட்டார்கள். 2022இல் ஹராப்பான் சின்னத்தில் குறியிட்டார்கள். பினாங்கின் 13 இடங்களில் ஹராப்பானுக்கு 10 என்று எழுதினால் அவற்றில் ஏழு ஜசெகவுக்கும் மூன்று பிகேஆருக்கும் உரியவை என்பது மறைந்துவிடும். கட்சியை மட்டும் எழுதினால், யாரோடு சேர்ந்து வாக்குக் கேட்டார்கள் என்பது மறைந்துவிடும்.

ஈப்போ சாலை வாசகர் (கோலாலம்பூர்) எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. அவையில் யார் அரசாங்கத்தை ஆதரிக்கிறார்கள் என்பதே அது. சாதாரணப் பெரும்பான்மைக்கு 112 பேரும், அரசியலமைப்பைத் திருத்துவதற்கு மூன்றில் இரண்டு பங்கான 148 பேரும் வேண்டும். 82 இடங்கள் பெற்ற கூட்டணியின் தலைவர் பிரதமரானது எப்படி என்று உங்கள் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். தேர்தலில் எதிரெதிராக நின்ற ஹராப்பானும் தேசிய முன்னணியும், அவற்றோடு ஜிபிஎஸ், ஜிஆர்எஸ், வாரிசான் ஆகியவையும் சேர்ந்தபோதுதான் அந்த எண்ணிக்கை கிடைத்தது என்பதே பதில். 2022 டிசம்பர் 16 அன்று இந்தத் தரப்புகள் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன.

கட்சி தாவலைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். மக்கள் வாக்களித்து அமைத்த அரசாங்கம், இடையில் தேர்தலே இல்லாமல் 2020 பிப்ரவரியில் கவிழ்ந்ததைப் பார்த்து மனம் நொந்தவர்களில் நானும் ஒருவன். அதன் பின்னர், 2022 ஜூலை 28 அன்று 209 உறுப்பினர்களின் ஆதரவோடு மக்களவை நிறைவேற்றிய திருத்தம், அரசியலமைப்பில் 49A என்ற பிரிவைச் சேர்த்தது. இதன்படி, ஒரு கட்சியின் சார்பில் வென்றவர் அக்கட்சியிலிருந்து விலகினால் அவரது இடம் காலியாகும். ஆனால் கட்சியே அவரை வெளியேற்றினால் காலியாகாது. கட்சியில் இருந்துகொண்டே எதிர்த் தரப்பை ஆதரித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டத்தில் நேரான விடை இல்லை. பெரிக்காத்தானின் உறுப்புக் கட்சியான பெர்சத்துவின் ஆறு உறுப்பினர்கள் பிரதமருக்கு ஆதரவு தெரிவித்தபோது, அவர்கள் கட்சியில் உறுப்பியம் இழந்துவிட்டதாகப் பெர்சத்து அறிவித்தது. சபாநாயகரோ 2024 ஜூலையில் அவர்களது இடங்கள் காலியாகவில்லை என்று முடிவு செய்தார். மூடாவும் 2023 செப்டம்பரில் அரசாங்கத்துக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது; மூவார் உறுப்பினர் தம் பதவியில்தான் இருந்தார். இப்படி, யாரும் இடமிழக்காமலே இந்த மூன்றாவது கணக்கு மாறிக்கொண்டிருக்கும். படத்தின் தலைப்பிலேயே தேதியைப் பெரிதாகப் போடுங்கள்.

ஜிபிஎஸ், ஜிஆர்எஸ் ஆகியவற்றை ‘மற்றவை’ என்ற ஒரே கட்டத்தில் அடைத்துவிட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். 1963இல் மலேசியா உருவானபோது 159 இடங்கள் கொண்ட அவையில் சரவாக்குக்கு 24, சபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15 என மொத்தம் 55 இடங்கள் இருந்தன. அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இன்று சரவாக்குக்கு 31, சபாவுக்கு 25. லாபுவானையும் சேர்த்தால் 57. 222இல் மூன்றில் ஒரு பங்கு என்பது 74. தங்கள் சம்மதமில்லாமல் அரசியலமைப்பைத் திருத்த முடியாத அளவுக்கு இடங்கள் வேண்டும் என்று அவ்விரு மாநிலங்களும் இன்று கேட்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆயர் ஈத்தாம் அன்பர் (பினாங்கு) எழுதியது:

சகோதரி, உங்கள் அப்பாவின் புத்தகம் 2004இல் தொடங்குவதால் தேசிய முன்னணியின் உறுப்புக் கட்சியான ம.இ.காவின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) எண்ணிக்கையைத் தனி வரியாகக் காட்டலாம்: 2004இல் 9, 2008இல் 3, 2013இல் 4, 2018இல் 2, 2022இல் தாப்பா தொகுதி மட்டும். 2018இல் வென்ற கேமரன் மலையை நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் அங்கே தேசிய முன்னணி சார்பில் வென்றவர் மக்களவைக்குத் தேர்வான முதல் ஓராங் அஸ்லி (தீபகற்பப் பூர்வகுடி) உறுப்பினர்.

ஆனால், தயவுசெய்து இந்த வரிக்கு ‘இந்தியர் பிரதிநிதித்துவம்’ என்று தலைப்பிட வேண்டாம். ஜெலுத்தோங்கிலும் உங்கள் ஊரின் ‘பத்து’ என்ற தொகுதியிலும் நம்மவர்கள் வேறு கட்சிகளின் சார்பில் அமர்ந்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, ஒவ்வோர் உறுப்பினரும் தம் தொகுதியில் உள்ள எல்லா இன மக்களுக்கும் உறுப்பினர். கட்சியின் எண்ணிக்கை வேறு, சமூகத்தின் எண்ணிக்கை வேறு என்பதைப் பிள்ளைகள் இந்த வயதிலேயே பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

செந்தூல் வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாராமையும் பாடாங் செராயையும் நான் எண்ணியே பார்க்கவில்லை. நேற்றிரவு அப்பாவின் துண்டுகளை மறுபடியும் வரிசைப்படுத்தினேன். ஜிபிஎஸ்ஸுக்கு முதலில் 22, பிறகு 23. பெரிக்காத்தானுக்கு முதலில் 73, பிறகு 74. ஆசிரியர் ஐயா சொன்னபடியே கணக்கு நேராகிவிட்டது.

படத்தில் 222 கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் தொகுதியின் பெயரையும் கட்சியின் பெயரையும் எழுதி, கூட்டணிக்கு ஒரு வண்ணம் தீட்டப்போகிறோம். அரசாங்கத்தை ஆதரிப்போருக்கு, மாறும்போது எடுத்து ஒட்டும்படி, சிறு வட்டத் தாளைப் பயன்படுத்துகிறோம். ஜிபிஎஸ்ஸின் 23ஐயும் அதன் உறுப்புக் கட்சிகள் வாரியாகப் பிபிபி 14, பிஆர்எஸ் 5, பிடிபி 2, எஸ்யூபிபி 2 என்று பிரித்தே எழுதுகிறோம். செனட்டர்கள் 70 பேர் கொண்ட மேலவைக்கு மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை என்பதால் அதை இந்தப் படத்தில் சேர்க்கவில்லை. ம.இ.கா வரிக்கு வெறுமனே ‘ம.இ.கா வென்ற இடங்கள்’ என்று தலைப்பிடுகிறோம்.