ஷேர்டு கேர் ரெக்கார்டில் நம் ஆட்களின் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லையே?

மழைக்குருவி:
இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில் முதியோருக்கான சமூகப் பணியாளராக இருக்கிறேன். ஒருவரின் மருத்துவ, பராமரிப்பு விவரங்களை டாக்டர், ஆஸ்பத்திரி, கவுன்சில் எல்லோரும் பார்க்கும் பொதுப் பதிவுதான் ஷேர்டு கேர் ரெக்கார்டு. எங்கள் கேஸ் சிஸ்டத்திலிருந்தே அதைத் திறக்கும் வசதி ஆறு மாதத்துக்கு முன் வந்தது. ஜிபி (குடும்ப டாக்டர்) எழுதும் மருந்துகள், ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள், வீட்டுக்கு அனுப்பிய நாள் எல்லாம் தெரிகிறது. முன்பெல்லாம் இதற்கு வார்டுக்குப் போன் போட்டு, அவர்கள் போடும் இசையை அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. 82 வயது. வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர். தேடினால் 'பதிவு இல்லை' என்கிறது. அவர் பெயர் எது, கணவர் பெயர் எது என்று புரியாமல் யாரோ எங்கள் பக்கம் முன்பின்னாகப் பதிந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை, டிஸ்சார்ஜ் அவசரம். கேரர் (வீட்டுக்கு வந்து கவனித்துக்கொள்பவர்) ஒரு நாளைக்கு 4 முறை வர வேண்டும் என்று ஊகத்தில்தான் எழுதினேன். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழையபைல்:
பெயரை வைத்துத் தேடவே தேடாதீர்கள் அக்கா. என்எச்எஸ் எண்ணை, அதாவது அரசு மருத்துவச் சேவை ஒவ்வொருவருக்கும் தரும் எண்ணைப் பிடியுங்கள். பத்து இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, அதனால் ஒரு இலக்கம் தவறினாலும் எண் தவறு என்று சிஸ்டம் கண்டுபிடித்துவிடும். 2015 அக்டோபரிலிருந்து சமூகப் பராமரிப்புத் தரப்பும் அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனாலும் பழைய கேஸ்களில் அந்தக் கட்டம் காலியாகத்தான் கிடக்கும். நாங்கள் உட்கார்ந்து தேசியப் பதிவோடு ஒப்பிட்டோம். பொருந்தாமல் நின்றவற்றில் நம் பெயர்கள் நிறைய. பிறந்த தேதி தெரியாமல் ஜனவரி 1 என்று போட்டு வைத்தவை தனித் தலைவலி.

நாலுவீடு:
நான் கேரர். உங்கள் ரெக்கார்டு கிடைத்தாலும் எனக்கு வேண்டியது அதில் இருப்பதில்லை. மாத்திரையின் பெயர் இருக்கும். இடது காதில் பேசினால்தான் கேட்கும், குளிப்பாட்ட ஆண் வந்தால் கதவைத் திறக்க மாட்டார், இதெல்லாம் இருக்காது. 'என்னைப் பற்றி' என்று அதற்கென்றே ஒரு பகுதி உண்டாம். நான் பார்த்தவரை அது காலி. முதல் சந்திப்பில் நீங்கள் கேட்டு எழுதினால், ஐந்து கேரர் ஐந்து தடவை கேட்க வேண்டியதில்லை.

வாசல்படி:
என் அப்பாவின் பதிவைச் சம்பந்தமில்லாத ஒருவர் திறந்தால்? நம் சனம் சின்ன ஊர் மாதிரி, அங்கே வேலை செய்பவர் மாமியின் தோழியாக இருப்பார்.

பழையபைல்:
நியாயமான பயம் அண்ணா. யார், எப்போது, எதைத் திறந்தார் என்பது பதிவாகும். கவுன்சிலிடம் எழுதிக் கேளுங்கள். அதே சமயம், மறைப்பது போலவே தேவையான இடத்தில் பகிர்வதும் கடமை என்று கால்டிகாட் விதிகளில் (நோயாளி விவரங்களைக் கையாளும் நெறிமுறைகள்) 2013இல் சேர்த்தார்கள்.

மழைக்குருவி:
எண் கிடைத்துவிட்டது. ஜிபி அனுப்பிய பழைய கடிதத்தின் தலையிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ரெக்கார்டைத் திறந்தால், விழுவதற்கு இரண்டு வாரம் முன்பு பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். மகளைக் கேட்டேன்: எழுந்து நிற்கும்போதெல்லாம் தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். இப்போதுதான் ஜிபிக்கு எழுதினேன். கேரர் எத்தனை முறை என்பதை அவர் பதில் வந்தபின் பார்க்கலாம். நாலுவீடு, காது விஷயத்தையும் கேட்டேன். வலது காதாம்.