பழைய இரும்புக் கடைக்கு வந்த ஈயப் பெட்டி: வாங்கலாமா?

கேள்வி:
மதுரை ஒத்தக்கடையில் என் மாமா நடத்தும் பழைய இரும்புக் கடைக்கு, மூடிய ஆலையொன்றிலிருந்து, மஞ்சள் பின்னணியில் மூவிதழ்க் குறி பொறித்த கனமான ஈயப் பெட்டி விலைக்கு வந்துள்ளது. ஈயத்துக்காக அதை உடைக்க எண்ணுகிறார். வாங்குவது சட்டப்படி சரியா?

பதில் 1:
தயவுசெய்து உடைக்க விடாதீர்கள். அந்த மூவிதழ்க் குறி கதிர்வீச்சு அபாயத்தைக் குறிப்பது. 1987இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியைப் பிரித்துப் பழைய இரும்புக் கடையில் விற்றபோது சீசியம்-137 என்ற கதிரியக்கத் தூள் வெளிப்பட்டது. இருளில் நீலமாக ஒளிர்ந்த அதை ஆசையோடு வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். நால்வர் இறந்தனர், அவர்களில் ஒருவர் ஆறு வயதுச் சிறுமி. 2010இல் தில்லி மாயாபுரியிலும் ஏலத்தில் வந்த கருவியைப் பிரித்தபோது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஓர் உயிரைப் பறித்தது. கதிர்வீச்சைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது.

பதில் 2:
அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியின்றி இத்தகைய பொருளை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் சட்டவிரோதம். விற்பவரிடம் முறையான ஆவணம் இராது என்றே நினைக்கிறேன். யாரையும் அருகில் விடாமல் உடனே காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பெட்டி காலியாக இருந்தால்?

பதில் 2:
அதைக் கதிர்வீச்சு அளவிடும் கருவியோடு வரும் வல்லுநர்தாம் சொல்ல வேண்டும். மூடியைத் திறந்து பார்ப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து.