பாதங்களில் நரம்பு எரிச்சல்: வலி இருக்கும்போதே தூங்க வழி உண்டா?

கேள்வி | அந்திமந்தாரை

அனைவருக்கும் வணக்கம். அறுபது வயதைக் கடந்த பெண் நான். சர்க்கரை நோய் நெடுநாளாக உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிட்டுவருகிறேன். நோயின் விளைவாக நரம்புகள் பாதிக்கப்பட்டு, இரண்டு பாதங்களிலும் ஓயாத எரிச்சலும், நடுநடுவே சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற வலியும் இருக்கின்றன. பகலில் வேலையோடு வேலையாகப் பொறுத்துக்கொள்கிறேன். இரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் பெரும்பாடு. போர்வையின் ஓரம் விரல்களில் உரசினாலே உயிர் போகிறது. போர்வையை விலக்கினாலோ பாதம் சில்லிட்டு ஊசி குத்தத் தொடங்கிவிடுகிறது.

மருத்துவர் எழுதிக்கொடுத்த பிரிகாபலினைக் காலையும் இரவும் எடுத்துக்கொள்கிறேன். முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் வலி குறைந்துதான் இருக்கிறது. ஆயினும் தூக்கம் மட்டும் திரும்பவில்லை. இழந்த தூக்கத்தை ஈடுகட்டிவிடலாம் என்று இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன், கண்ணயர நள்ளிரவாகிவிடுகிறது, இடையில் விழிப்புத் தட்டினால் மறுபடி தூக்கம் பிடிப்பதில்லை. பாரசிட்டமால் போட்டுப் பார்த்தும் பயனில்லை. வலி முழுவதுமாக அடங்கினால்தான் தூக்கம் வருமா, அல்லது வலி இருக்கும்போதே தூக்கத்தைச் சீர்செய்ய வழி இருக்கிறதா? இதே நிலையைக் கடந்துவந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் | கொன்றைப்பூ

அம்மா, அக்கி வந்து கொப்புளங்கள் ஆறிய பிறகும் எனக்கு விலாப்பக்கத்தில் நரம்பு வலி தங்கிவிட்டது. துணி பட்டாலே எரியும் அந்த வேதனையை நன்கு அறிந்தவள் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நரம்பு பழுதானால், வெறும் தொடுதலைத் தெரிவிக்கும் செய்தியைக்கூடத் தண்டுவடமும் மூளையும் வலியாகவே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே போர்வை உரசினால் வலிப்பது மனப்பிரமை அன்று. யாராவது அப்படிச் சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

போர்வை பாதத்தில் படாமல் தாங்கிப் பிடிக்கும் வளைவுச் சட்டத்தைக் கட்டிலின் கால்மாட்டில் பொருத்தலாம். அது கிடைக்காவிட்டால், உறுதியான பெரிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய பக்கம் வழியாகக் கால்கள் நுழையும்படி கவிழ்த்து வைத்து, அதன்மேல் போர்வையை விரித்தால் போதும். உள்ளே காற்று கதகதப்பாக நின்றுவிடுவதால், உரசலும் இல்லை, சில்லிடுவதும் இல்லை. கெண்டைக்காலுக்கு அடியில் மெல்லிய தலையணையை வைத்துக் குதிகால் படுக்கையில் அழுந்தாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆனால் வெந்நீர்ப் பையையோ பனிக்கட்டியையோ பாதத்தில் வைக்காதீர்கள். எரிச்சல் மிகுதியாக இருக்கும் அதே பாதத்தில் சூட்டை உணரும் திறன் குறைந்திருக்கக்கூடும்; தோல் வெந்துபோவது தெரியாமலேயே போய்விடும், சர்க்கரை நோயில் அந்தப் புண் ஆறுவதும் கடினம்.

பதில் | மருந்துப்பெட்டி

நான் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். இங்கே எழுதுவதை உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாக அளவை மாற்ற வேண்டாம்.

பாரசிட்டமால் பலன் தராததில் வியப்பில்லை. நரம்பே பழுதாகித் தானாக வலிச் செய்திகளை அனுப்பும்போது சாதாரண வலி மாத்திரைகள் பெரும்பாலும் உதவுவதில்லை. பிரிகாபலின், கபாபென்டின், டுலோக்செடின், அமிட்ரிப்டிலின் ஆகியவைதான் இதற்கு முதலில் தரப்படும் மருந்துகள்.

உங்கள் விஷயத்தில் நேரம் முக்கியம். பிரிகாபலினை வெறும் வயிற்றில் எடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்திலும், உணவோடு எடுத்தால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்திலும் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தை எட்டும். எனவே இரவு மாத்திரையை எப்போது எடுக்க வேண்டும், நாளின் மொத்த அளவில் பெரும்பகுதியை இரவுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். இது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்தே அளவை முடிவு செய்வார்கள். தூக்கம் வரவைக்கும் அமிட்ரிப்டிலினைச் சிலருக்கு இரவில் 10 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் தொடங்குவதுண்டு. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்த நோய், சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியவை உள்ளவர்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் மிகுந்த கவனம் தேவை. அதை ஓரிரு இரவில் எடைபோட்டுவிட முடியாது; வலியில் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

தூக்கம் வரவில்லையே என்று தூக்க மாத்திரையைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவற்றை ஓபியாய்டு வகை (மார்ஃபின், டிராமடால் போன்ற) வலி மருந்துகளோடும், தூக்க மாத்திரை போன்ற பிற மயக்கம் தரும் மருந்துகளோடும் சேர்ப்பது மூச்சை ஆபத்தான அளவுக்கு மந்தமாக்கும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019-இல் எச்சரித்தது. முதியவர்களையும் நுரையீரல் நோய் உள்ளவர்களையும் அந்த எச்சரிக்கை தனியாகக் குறிப்பிடுகிறது. மதுவும் அதே கணக்கில் சேரும். இன்னொன்று: மெட்ஃபார்மினை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம்; அந்தக் குறைபாடே நரம்பைப் பாதிக்கும். எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் போடுவதற்கு முன் அந்த இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

பதில் | நெடுவழி

நீங்கள் கேட்ட முதன்மையான கேள்விக்கு என் விடை: வலி அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தூக்கமின்மையைத் தனி நோயாகக் கருதி அதற்கென்று தனியே சிகிச்சை எடுக்கலாம், எடுக்க வேண்டும் என்றே சொல்வேன். முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தியதால் வந்த வலியோடு வாழும் எனக்கு அதுதான் உதவியது.

உங்களை எழுப்புவது வலியாக இருக்கலாம். ஆனால் எழுந்த பிறகு மணிக்கணக்காக விழித்திருக்கச் செய்வது பெரும்பாலும் வேறு பழக்கம்: ஒன்பது மணிக்கே படுப்பதும், தூங்காமல் படுக்கையிலேயே கிடப்பதும், எத்தனை மணி ஆயிற்று என்று பார்த்துப் பார்த்து நாளைய பொழுதை நினைத்துக் கலங்குவதும். நாளடைவில் படுக்கை என்றாலே விழித்திருந்து வேதனைப்படும் இடம் என்று உடல் கற்றுக்கொள்கிறது. இதை மாற்றும் முறையை உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் முன்வைத்தார்: தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுப்பது, தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுவது, எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது. படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்கும் முறையை ஆர்தர் ஸ்பீல்மேனும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் வெளியிட்டார்கள். இவ்விரண்டும் இன்று தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் (மருந்தில்லாமல் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறை) உயிர்நாடியாக இருக்கின்றன.

சுருக்குவது எப்படி என்றால், இரண்டு வாரம் தூக்க நாட்குறிப்பு எழுதுங்கள். ஒன்பது மணி நேரம் படுக்கையில் இருந்து ஐந்தரை மணி நேரம்தான் உண்மையில் தூங்குகிறீர்கள் என்று தெரியவந்தால், படுக்கை நேரத்தையும் ஐந்தரை மணி நேரமாக்கி, பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழ வேண்டும். படுத்த நேரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் தூங்கத் தொடங்கியதும், வாரத்துக்குப் பதினைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. முதல் வாரங்களில் பகல் தூக்கம் அசத்தும். அப்போது வாகனம் ஓட்டக் கூடாது. வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. இச்சிகிச்சையால் வலி அதிகம் குறையாது, தூக்கம்தான் தேறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தூங்காத இரவுக்கு மறுநாள் வலி கூடுதலாகத் தெரியும் என்பதால், தூக்கம் தேறுவதே பெரிய ஆறுதல்.

குறட்டையும் மூச்சுத்திணறலும் உண்டா என்று உடன் இருப்பவரிடம் கேளுங்கள். காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு மாலையில் எழுந்து, நடந்தால் அடங்குகிறதா என்றும் கவனியுங்கள். அது ஓய்விலாக் கால் என்னும் வேறு நோய். அதற்கு இரும்புச்சத்தைச் சோதிக்க வேண்டும், மேலும் அமிட்ரிப்டிலின் அதை மோசமாக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர் | அந்திமந்தாரை

மூவருக்கும் நன்றி. ஒன்பது மணிக்குப் படுப்பது நல்லது என்றே நினைத்திருந்தேன். ஓர் ஐயம்: தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடச் சொல்கிறீர்கள். பாதம் பாதி மரத்திருக்கிறது, மாத்திரையால் தலை வேறு சுற்றுகிறது. நடுஇரவில் விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில் | நெடுவழி

நியாயமான பயம். வேறு அறைக்குப் போக வேண்டியதில்லை. கட்டிலை ஒட்டிக் கைக்கெட்டும் தூரத்தில் கைப்பிடி உள்ள நாற்காலியை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காருங்கள். தலைசுற்றல் இல்லையென்றால் நாற்காலிக்கு மாறி, கால்களைச் சிறு முக்காலியில் நீட்டிக்கொள்ளுங்கள். தரையில் சுருண்டுகொள்ளும் விரிப்பை எடுத்துவிடுங்கள். பின்பக்கம் பட்டையுள்ள செருப்பும் மங்கலான இரவு விளக்கும் கட்டாயம் வேண்டும். வேர்த்து நடுங்கி விழித்தால், நாற்காலிக்குப் போகும் முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். மெட்ஃபார்மினோடு இன்சுலினோ வேறு சர்க்கரை மாத்திரையோ எடுத்தால் அது தாழ்சர்க்கரையாக, அதாவது இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்ததாக இருக்கலாம்.

திடீரென்று கால் பலவீனமானாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.