கண்டாங்கி ப்ராஜெக்ட்: காரைக்குடிப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஃபேஷன் கம்யூனிகேஷன் படிக்கிறேன். இதுவரை எல்லாமே குழு வேலை. இது முதல் தனி ப்ராஜெக்ட். ஆய்வு, போட்டோ, எழுத்து, லேஅவுட் எல்லாம் என் தலையில்தான்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலையை எடுத்திருக்கிறேன். பெரிய கட்டம், அகலமான கரை, அரக்கு, மஞ்சள், கறுப்பு. இதை ஒரு சிறு இதழாக்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டுத் தூணில் மாடல் சாய்ந்து நிற்கும் படம் வேண்டாம், அதைத்தான் எல்லாரும் எடுத்தாயிற்றே! பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) பிணைப்பதிலிருந்து படமெடுக்க ஆசை. நெசவாளர் யாரையாவது தெரிந்தால் அறிமுகப்படுத்துங்கள். உடுத்தி நைந்த பழைய கண்டாங்கி வைத்திருப்பவர்கள் படமெடுக்க விடுவீர்களா?

அப்புறம், போட்டோ எடுப்பவர்களுக்கு: கட்டத் துணியை எடுத்தால் திரையில் அலையலையாகக் கோடு விழுகிறது. கோணத்தை மாற்றினால் போதுமா, வேறு வழி உண்டா?