பதுளைக் கம்பஸ் பதிவு: திருமலையில இருந்து எந்தப் பாதை, என்ன கொண்டு போறது?

உப்புவெளியான்:
தங்கச்சிக்கு ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில ஏற்றுமதி விவசாயம் கிடைச்சிருக்கு. அம்மா, அப்பாவும் கூட வருவினம். கண்டி சுத்தித்தான் போகவேணுமா? குளிருக்கு என்ன வாங்கிறது? எங்கள் ஒருத்தருக்கும் சிங்களம் ஓடாது.

கறுத்தப்பாலம்:
கண்டியை விடுங்கோ. மட்டக்களப்பு பஸ் எடுத்தா மூதூர், வெருகல், வாகரை தாண்டிச் செங்கலடி வரும். அங்க இருந்து பிரியிற ஏ5 வீதி மகாஓயா, பிபில, லுணுகலை, பசறை எண்டு நேரே பதுளைக்குத்தான். ஆனா சாமான், பெட்டியோட செங்கலடிச் சந்தியில நிண்டா சீற் கிடையாது. மட்டக்களப்பு ஸ்ராண்ட் வரைக்கும் போய் ஏறுங்கோ, கொஞ்சம் திரும்பிவாற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. ஏற முதல் "பசறை வழியோ?" எண்டு கேளுங்கோ. கம்பஸ் பசறை வீதியில, டவுனுக்கு முன்னாலேயே வந்திரும். இது தெரியாமப் பதுளை ஸ்ராண்டில இறங்கி, பிறகு ஓட்டோவுக்குக் காசு குடுத்துத் திரும்பி வாறவைதான் கனபேர்.

லுணுகலைக்கும் பசறைக்கும் இடையில வளைவுதான். பிபிலையில வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். சத்திக்கு சொப்பிங் பாக் கையில இருக்கட்டும்.

கச்சான்காத்து:
குளிரைப் பற்றி எல்லாரும் நுவரெலியாவை நினைச்சுப் பயப்பிடுகினம். நுவரெலியா 1,868 மீற்றர், பதுளை 700 மீற்றர் கூட வராது. ஒரு ஸ்வெற்றர், ஒரு நல்ல போர்வை போதும். ஜக்கெற்றுக்குக் காசைக் கொட்டாதேங்கோ.

பிரச்சினை மழை. பதுளையும் எங்களை மாதிரி வாடைக்காத்து மழை ஊர். ஒக்டோபரில இருந்து ஜனவரி வரைக்கும் ஊத்தும், எங்களுக்குக் கச்சான் காத்து அடிக்கிற ஆனி, ஆடியில அங்கயும் வறட்சிதான். மழைக்காலத்தில அறைக்குள்ள உடுப்பு காயாது, சப்பாத்தில பூஞ்சணம் பிடிக்கும். நைலோன் கயிறு, கிளிப், ரெண்டாவது சோடி சப்பாத்து வேணும். தேஞ்ச பாட்டாச் செருப்போட அந்தச் சரிவில இறங்கினா வழுக்கும், புதுசு வாங்குங்கோ.

புறப்பட முதல்நாள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின்ர மண்சரிவு எச்சரிக்கையில பசறை, லுணுகலை பேர் இருக்கா பாருங்கோ. 24 மணித்தியாலத்தில மழை 75 மி.மீ. தாண்டினா மஞ்சள், 100 எண்டா செம்மஞ்சள், 150 எண்டா சிவப்பு. செம்மஞ்சள் கண்டா ஏ5ஐ விட்டிட்டு ஹபரணை, பொலன்னறுவை, மஹியங்கனை வழியைப் பாருங்கோ. அந்தப் பக்கமும் கடைசித் துண்டு மலைதான், அதையும் விசாரிச்சிட்டு ஏறுங்கோ.

சத்தியக்கடதாசி:
வழியை விடப் பேப்பர்தான் ஆக்களை மடக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, மூண்டிலையும் பேரின்ர எழுத்து ஒண்டா இருக்கா? தமிழில இருக்கிற பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாத்தேக்க 'th' எங்க, 'dh' எங்க எண்டு எழுத்து மாறும். வித்தியாசம் கண்டா இஞ்சயே சமாதான நீதவானிட்டச் சத்தியக்கடதாசி முடிச்சிட்டுப் போங்கோ. மருத்துவப் படிவத்தில கண், பல் பகுதி வெறுமையா இருக்கக்கூடாது.

மஹாபொல புலமைப்பரிசில், பர்சரி உதவிப்பணம் எடுக்க வருமானச் சான்றிதழ் கிராம சேவகரோட நிக்காது, பிரதேச செயலக ஒப்பமும் வேணும். தம்பி, தங்கச்சி பள்ளிக்கூடம் படிச்சா அதிபரின்ர கடிதமும் எடுங்கோ. 2025 பாதீட்டில மஹாபொல மாசம் 5,000 ரூபாவில இருந்து 7,500 ஆச்சு, ஆனா முதல் காசு கைக்கு வரச் சுணங்கும். ரெண்டு மூண்டு மாதச் செலவுக்குத் தனியா வைச்சிருங்கோ.

உப்புவெளியான்:
நன்றி. பாஷை?

கறுத்தப்பாலம்:
படிப்பு ஆங்கிலம். விடுதி, அலுவலகம் சிங்களம். பசறை, லுணுகலைப் பக்கம் தோட்டத்துத் தமிழ்ச் சனம் நிறைய, பதுளை டவுன் கடையிலயும் தமிழில கேட்டு வாங்கலாம். அப்பாவுக்குக் கஷ்டம் வராது. தங்கச்சி மட்டும் விடுதியில கேக்கத் தேவையான நாலு வசனம் இப்பவே பழகட்டும்: தண்ணி வரேல்ல, திறப்பைக் காணேல்ல, காய்ச்சல், சாப்பாடு எத்தனை மணிக்கு.